மூணு காலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேமரா வாங்கப் போகிறவர்கள் பத்துப் பேரைக் கேட்பார்கள். லென்ஸ் என்றால் இன்னும் பத்துப் பேர். ஸ்டாண்டு (அதாங்க, ட்ரைபாட்) என்று வரும்போது மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. மளிகைக் கடையில் சில்லறை இல்லாமல் மிட்டாய் கொடுக்கிற மாதிரி, கேமரா பையோடு சேர்த்து ஒன்றைத் தூக்கிக் கொடுப்பார்கள். நாமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். சின்னக் கேமராவுக்கு அது போதும். மூன்று கிலோ கேமரா-லென்ஸுக்குப் போதாது. ஏன் போதாது, போதுமானதை வாங்க எவ்வளவு ஆகும் என்று 2025-ம் வருஷம் இரண்டு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பி.காம் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று :-)

முதலில் கொஞ்சம் பின்னணி. எங்க ஊர் ஆம்பூர். 2019 வரை வேலூர் மாவட்டம், அதற்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். வெளியூரில் யாராவது கேட்டால் இப்பவும் "வேலூர் பக்கம்" என்றுதான் சொல்வோம். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வாணியம்பாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஆர்டர்தான் பிழைப்பு. ஆனால் ஆசை என்னவோ பறவைகள் மேல். அந்த ஆசையில் நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டார். கல்யாண மண்டபத்தில் 500 மி.மீ. லென்ஸுக்கு என்ன வேலை? அது பீரோவிலேயே தூங்கியது.

அதைத்தான் நான் கேட்டேன். 2025 செப்டம்பர் 7-ம் தேதி இரவு முழு சந்திர கிரகணம். 11 மணியிலிருந்து 12.22 வரை, 82 நிமிடம் நிலா முழுசாக பூமியின் நிழலுக்குள் இருக்கும் என்று மாதக்கணக்கில் முன்பே தெரியும். மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "லென்ஸ் எடுத்துக்கோ கண்ணு. பாடியும் எடுத்துக்கோ. ஆனா நல்ல ஸ்டாண்டு இல்லாம வெளியே எடுக்கக் கூடாது. அது உன் செலவு."

என் கையில் இருந்தது 12,000 ரூபாய். ஷூ அப்பர் ஜாப் வொர்க் எடுக்கும் ஒரு சின்ன யூனிட்டில் சாயங்காலம் டேலி என்ட்ரி போட்டுச் சேர்த்த பணம். அது அடுத்த படிப்புக்குப் பதிவு செய்ய என்று எடுத்து வைத்தது. அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே "எது பெஸ்ட்?" என்ற கேள்விக்கே இடமில்லை. "எவ்வளவு குறைவாகக் கொடுத்து, எதில் மட்டும் குறை வைக்கக் கூடாது?" இதுதான் என் கேள்வி.

சரி, கணக்குக்கு வருவோம்.

மாமாவின் பாடி நிக்கான் டி7200. பேட்டரியோடு சுமார் 765 கிராம். லென்ஸ் 2,300 கிராம். மொத்தம் மூன்று கிலோவுக்கு ஒரு பிடி அதிகம். மூன்று கிலோவைத் தாங்குவது பெரிய விஷயமே இல்லை. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் என்னையே தாங்குகிறது. பிரச்சினை கனத்தில் இல்லை, அசைவில் இருக்கிறது.

அந்தக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.004 மி.மீ. லென்ஸின் குவிய தூரம் 500 மி.மீ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், படம் ஒரு பிக்சல் நகர லென்ஸ் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று வரும். நூறு மீட்டர் தள்ளி இருக்கிற ஒரு பொருளில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இன்னொரு விதமாகச் சொன்னால், கால் மீட்டர் நீள லென்ஸின் ஒரு முனை இரண்டு மைக்ரான் ஏறினாலோ இறங்கினாலோ போதும், படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். எங்க ஊர் டேனரிகளில் தோலின் தடிமன் பார்க்க ஒரு கேஜ் வைத்திருப்பார்கள். அதில் ஒரு சின்னக் கோடு 0.1 மி.மீ. அந்தக் கோட்டில் ஐம்பதில் ஒரு பங்குதான் இந்த இரண்டு மைக்ரான்!

இப்போது கடையில் அட்டைப்பெட்டி மேல் போட்டிருக்கிற "தாங்கும் எடை 8 கிலோ" என்பதைப் பாருங்கள். எட்டு கிலோ வைத்தால் உடையாது, சரியாது என்று வேண்டுமானால் அதற்கு அர்த்தம். இரண்டு மைக்ரான் ஆடாது என்று அதற்கு அர்த்தமே கிடையாது. இந்த எண்ணைக் கணக்கிட எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரே முறையும் கிடையாது. அவரவர் வழியில் சோதித்து அவரவர் போட்டுக்கொள்வதுதான். ஆடிட் செய்யாத பேலன்ஸ் ஷீட் மாதிரி. பொய் என்று சொல்லவில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி முதலீடு செய்யக் கூடாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் படித்ததையும் மாமாவிடம் கேட்டதையும் சுருக்கிச் சொல்கிறேன்.

ஒன்று, குழாயின் குறுக்களவு. ஒரே உலோகம், ஒரே சுவர்த் தடிமன் என்று வைத்துக்கொண்டால், குழாயின் விறைப்பு குறுக்களவின் மும்மடிப் பெருக்கில் ஏறும். 20 மி.மீ. குழாயைவிட 30 மி.மீ. குழாய் ஒன்றரை மடங்குதான் பருமன். ஆனால் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. கடையில் மேல் குழாயைப் பார்த்து ஏமாறாதீர்கள். காலை முழுசாக இழுத்து, கடைசித் துண்டு எவ்வளவு ஒல்லி என்று பாருங்கள். ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு, எத்தனை துண்டு. காலில் நான்கு, ஐந்து துண்டு இருந்தால் மடித்துப் பையில் போடச் சௌகரியம். ஆனால் ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிட ஒல்லி. ஒவ்வொரு பூட்டும் ஒரு மூட்டு. மூட்டு கூடினால் வலியும் கூடும் என்று எங்க பாட்டியைக் கேட்டாலே சொல்வார். கனமான லென்ஸுக்கு மூன்று துண்டு, முடிந்தால் இரண்டு.

மூன்று, நடுத்தண்டு. இதுதான் பெரிய வில்லன். மூன்று காலும் உறுதியாக நிற்க, நடுவில் ஒற்றைக் குழாயை உயர்த்தி அதன் தலையில் கேமராவை வைக்கிறோம். மூன்று காலுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நிறுத்துகிற வேலை. ஒரு முனையில் பிடித்த கம்பியின் வளைவு அதன் நீளத்தின் மும்மடியில் ஏறும். 15 செ.மீ. உயர்த்திய தண்டை 30 செ.மீ. உயர்த்தினால் இரண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு வளையும். நடுத்தண்டை ஏற்றாமலேயே கண் உயரத்துக்கு வருகிற ஸ்டாண்டைத்தான் தேட வேண்டும்.

நான்கு, தலை. உருண்டைத் தலை (பால் ஹெட்) பார்க்க அழகு. ஆனால் மூன்று கிலோ லென்ஸை மாட்டி, திருகு கொஞ்சம் தளர்ந்தால், மொத்தமும் தொபுக்கென்று ஒரு பக்கம் சாயும். விரல் நசுங்கும், சில சமயம் ஸ்டாண்டே கவிழும். பறவைக்காரர்கள் ஜிம்பல் தலை என்று ஒன்று வைத்திருப்பார்கள். தொட்டில் மாதிரி லென்ஸ் அதன் எடை மையத்தில் தொங்கும். விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். வீடியோக்காரர்களின் ஃப்ளூயிட் தலையும் இப்படிப்பட்ட லென்ஸுக்கு நன்றாகவே ஒத்துழைக்கும்.

ஐந்து, மாட்டுகிற இடம். இதற்குச் செலவே கிடையாது. பெரிய லென்ஸின் இடுப்பில் ஒரு வளையமும் அதற்கு ஒரு பாதமும் இருக்கும். அந்தப் பாதத்தைத்தான் ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். பாடியின் அடியில் மாட்டினால் இரண்டேகால் கிலோ முன்னால் தொங்கும்; பாடியின் மவுண்ட்டும் பாவம், படமும் பாவம்.

கார்பன் ஃபைபர் பற்றிக் கேட்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த கிட்ஸோ கம்பெனி 1994-ல் முதல் கார்பன் ஃபைபர் ட்ரைபாடைக் கொண்டுவந்தது. அதன் பிறகு எல்லோரும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். ஆனால் என் 12,000-த்தில் கிடைக்கிற கார்பன் ஒல்லிக்கால் கார்பன்தான். ஒல்லிக்கால் கார்பனைவிட பருத்த அலுமினியம் மேல். 'கார்பன்' என்ற பெயருக்காக மட்டும் காசு கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். "ஏண்டி, மூணு காலு கம்பிக்கா இவ்ளோ துட்டு?" என்றுதான் ஆரம்பித்தார். எதிர்பார்த்ததுதான். கோபமாகவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தத் துட்டு எத்தனை நாள் சம்பளம் என்று எனக்கும் தெரியும்.

மைக்ரான், மும்மடி எல்லாம் சொல்லி விளக்கப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, "ஆடுனா படம் கெட்டுடும், அவ்ளோதானே?" என்றார். பிறகு அவரே சொன்னார். "எங்க லைன்லயும் அதான். மெஷினு புதுசாத்தான் கீது. அடியில டேபிளு ஆடுச்சுன்னா தையலு கோடு வுட்டு ஓடிடும். துணின்னா பிரிச்சித் தைக்கலாம். தோலுல ஊசி குத்துனா குத்துனதுதான், ஓட்டை அப்டியே நிக்கும். அந்தப் பீஸு ரிஜெக்ட்டு. மெஷினுக்குக் கொடுக்கற மரியாதைய டேபிளுக்கும் கொடுக்கணும்."

நான் இரண்டு மாதம் படித்தது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கிரகணப் படமும் தோல் மாதிரிதான், பிரித்துத் தைக்க முடியாது. 82 நிமிடம் முடிந்தால் முடிந்தது. "வாங்கு. ஆனா ஃபீஸ் கட்டற தேதிக்குள்ள அந்தப் பணத்த மறுபடி சேத்துடணும்" என்று ஒப்புதல் கிடைத்தது.

இனி எதை வாங்குவது? மாமாவின் ஸ்டுடியோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஸ்டாண்டுகளை வரிசையாக நிறுத்திச் சோதித்தோம்.

முதலாவது, மாமாவின் அசிஸ்டெண்ட் வைத்திருந்த நான்கு துண்டு அலுமினிய ஸ்டாண்டு. புதுசு 3,500 ரூபாய். கைக்கு அடக்கம், பார்க்க ஸ்டைல். இரண்டாவது, கல்யாண வீடியோவுக்கு ஓடி ஓடித் தேய்ந்த பழைய வீடியோ ஸ்டாண்டு. ஒவ்வொரு காலிலும் இரண்டு இரண்டு குழாய். மூன்று காலையும் இடையில் பிணைக்க ஒரு ஸ்ப்ரெடர். மேலே ஃப்ளூயிட் தலை. மாமாவின் நண்பர் ஒருவர் 7,500 ரூபாய்க்குக் கொடுக்கத் தயார். மூன்றாவது, நிலம் அளக்கிற ஒருவரிடம் அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கிய மர ஸ்டாண்டு. தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன் எல்லாம் நிறுத்துவார்களே, அதுதான்.

சோதனை ரொம்பச் சுலபம், நீங்களும் செய்யலாம். லென்ஸை மாட்டி, 500 மி.மீ.க்கு இழுத்து, தெருக்கோடியில் இருக்கிற ஏதாவது ஒரு போர்டின் எழுத்தைக் குறி வையுங்கள். லைவ் வியூவில் முடிந்த மட்டும் பெரிதாக்குங்கள். லென்ஸின் முனையை விரலால் லேசாக ஒரு தட்டு. எழுத்து ஆடி அடங்க எத்தனை நொடி? அவ்வளவுதான். எந்த அட்டைப்பெட்டியிலும் போடாத எண் இதுதான்.

புது அலுமினிய ஸ்டாண்டு, நடுத்தண்டை ஏற்றி வைத்தபோது நாலைந்து நொடி ஆடியது. தண்டை இறக்கினால் இரண்டரை நொடி. (பாருங்கள், செலவே இல்லாமல் பாதி!) பழைய வீடியோ ஸ்டாண்டு ஒரு நொடிக்குள் அடங்கிவிட்டது. மர ஸ்டாண்டில் தட்டியது தெரிந்தது, ஆடியது தெரியவில்லை. மரத்துக்கு அதிர்வை விழுங்குகிற குணம் இயல்பிலேயே உண்டு. ஜெர்மனியில் பெர்லபாக் என்ற கம்பெனி இன்றைக்கும் மரத்தில்தான் ட்ரைபாட் செய்து விற்கிறது.

மர ஸ்டாண்டில் ஒரு சிக்கல். அதன் திருகு 5/8 அங்குலம். கேமரா உலகத்தில் 1/4, 3/8 அங்குலம்தான். இடையில் ஒரு அடாப்டர் வேண்டும், தலையும் தனியாக வாங்க வேண்டும். தலைக்கே என் பட்ஜெட் தீர்ந்துவிடும். வீடியோ ஸ்டாண்டில் தலை இனாம். அதுவும் கல்யாண வீடியோக்காரர்கள் பலர் கையில் பிடிக்கிற ஜிம்பலுக்கு மாறிவிட்டதால், பழைய கனமான ஸ்டாண்டுகள் பல ஸ்டுடியோக்களில் மூலையில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. வாங்க ஆள் இல்லாத சரக்கு, விலை இறங்கியிருக்கிறது, தரம் இறங்கவில்லை. டிமாண்ட் - சப்ளை பாடம் முதல் முறையாக எனக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. எடை ஐந்து கிலோவுக்கு மேல். ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களுக்கு இது சரிப்படாது. என் தேவை மொட்டை மாடி. கனம் எனக்கு எதிரி இல்லை, கூட்டாளி.

7,500 ஸ்டாண்டுக்கு. லென்ஸ் பாதத்துக்கு இரண்டு திருகு போட்ட நீளமான பிளேட் ஒன்று 600. (ஒற்றைத் திருகு என்றால் லென்ஸ் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும்.) மொத்தம் 8,100. கையில் மீதி 3,900.

வகுப்பில் படித்த தேய்மானக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நேர்கோட்டு முறை. இந்த ஸ்டாண்டு இன்னும் 15 வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 500 ரூபாய். 3,500 ரூபாய் ஸ்டாண்டு இந்தக் கனத்துக்கு இரண்டு வருஷம் தாங்கினால் வருஷத்துக்கு 1,750. டி7200 வெளிவந்தது 2015-ல். அதற்குப் பிறகு கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் சந்தையே மாறிவிட்டது. மூன்று கால் மாறவில்லை. நாளைக்கு எந்தக் கேமரா வந்தாலும் இதே காலில் நிற்கும். விலை வேகமாக இறங்குகிற சாமானுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, இறங்காத சாமானில் மிச்சம் பிடிக்கிறோம் நாம். இது போக, கவிழ்ந்தால் மாமாவின் லென்ஸுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் 7,500-இல் ஒரு பகுதி இன்சூரன்ஸ் பிரீமியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டு கிடைத்துவிட்டது, அதை எங்கே நிறுத்துவது? இதற்கு எங்க பக்கத்திலேயே ஒரு வாத்தியார் இருக்கிறார். ஜவ்வாது மலையில் காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போகலாம். விஞ்ஞானி வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு ஆரம்பித்தார்கள். 1972-ல் கார்ல் ஜெய்ஸ் கம்பெனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போகிற நேரம் பார்த்து அந்த ஒரு மீட்டரை அங்கே குறி வைத்திருந்தார்கள். யுரேனஸ் அந்த நட்சத்திரத்தை நெருங்கும் முன்பே, நட்சத்திரத்தின் ஒளி சில நொடி மங்கித் திரும்பியது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்ற கண்டுபிடிப்பில் காவலூருக்கும் பங்கு கிடைத்தது இப்படித்தான். யோசித்துப் பாருங்கள், தொலைநோக்கியே ஆடிக்கொண்டிருந்தால் நட்சத்திரம் மங்கியதா, ஆட்டத்தில் நழுவியதா என்று யார் சொல்வது?

பிறகு 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. அந்தத் தொலைநோக்கியின் தாங்கி குதிரை லாட வடிவம். நம்மைப் போல பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்களுக்குத் தோதான அமைப்பு. அதுவும் ஒரு ஸ்டாண்டுதான், ஆனால் நிற்கிற ஸ்டாண்டு இல்லை. பூமி சுற்றுகிற வேகத்துக்கு எதிர்த்திசையில் நிதானமாகச் சுற்றுகிற ஸ்டாண்டு. இப்படிப்பட்ட பெரிய தொலைநோக்கிகளுக்குப் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. தொலைநோக்கி நிற்கிற தூணையும் கட்டிடத்தின் தளத்தையும் ஒட்டாமல் தனித்தனியாகக் கட்டுவார்கள். ஆள் நடக்கிற அதிர்வும் குவிமாடம் சுழல்கிற அதிர்வும் தூணுக்குப் போகக் கூடாது என்பதற்காக.

எனக்குத் தனித் தூண் கட்ட வழியில்லை. ஆனால் பாடம் எடுத்துக்கொள்ளலாமே? எங்கள் மாடியில் சென்னை - பெங்களூரு ரயில் போகிற அதிர்வே லைவ் வியூவில் தெரியும். மாடியின் நடுவில் நிறுத்தினால் யார் நடந்தாலும் படம் துள்ளியது. அடியில் சுவர் வருகிற மூலையில் நிறுத்தினால் துள்ளல் பெரும்பாலும் போய்விட்டது. ஸ்டாண்டு எவ்வளவு நல்லதோ, அது நிற்கிற தரையும் அவ்வளவு நல்லதாக இருக்க வேண்டும். வறண்ட பாலாற்று மணலில் ஒருநாள் நிறுத்திப் பார்த்தோம். மணலுக்குள் கால்கள் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டு போட்டதும் நின்றுவிட்டது.

கனமான கருவியும் அதைத் தாங்குகிற பிடிமானமும் நம்ம மண்ணில் புதுக் கதை இல்லை. 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் நில அளவையை ஆரம்பித்த லாம்டன் அரை டன் கனமுள்ள தியோடலைட்டை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமானது. பல வாரம் உட்கார்ந்து அவரே அதைச் சரிசெய்தார். கருவி உலகத்தரம்தான், கயிறுதான் கைவிட்டது. சரியாக 50 வருஷம் கழித்து, 1858-ல், அதே விமானத்தின் அடியில் ஓடுகிற கல்வெட்டுகளை லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி பெரிய கேமராவால் படம் பிடித்தார். கோயிலைச் சுற்றி நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். ஒவ்வொரு முறையும் உயரமும் மட்டமும் மாறாமல் நிறுத்தியிருந்தால்தான் வரிகள் ஒன்றோடொன்று சேரும். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ட்ரைப்பின் ஸ்டாண்டைப் பற்றிப் பேசுவதில்லை. நல்ல ஸ்டாண்டுக்கு அதுதான் பாராட்டு போல.

செப்டம்பர் 7-ம் தேதிக்கு வருகிறேன். முழு நிலா பிரகாசமாக இருக்கிற வரை எந்த ஸ்டாண்டும் போதும். 1/250 நொடியில் எடுத்துவிடலாம். நிழலுக்குள் முழுசாகப் போனதும் ஒளி பல ஆயிரம் மடங்கு குறைந்து, நிலா செங்கல் நிறத்துக்கு வரும். ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்றியும் எனக்குக் கால் நொடி தேவைப்பட்டது. கால் நொடிதான் மோசமான நேரம். ஷட்டரின், கண்ணாடியின் சின்ன அதிர்வுகூடப் படத்தில் விழும். அதனால் கண்ணாடியை முன்பே உயர்த்திவிட்டு, லென்ஸில் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு, ரிமோட்டில் அழுத்தினேன். ஸ்ப்ரெடரின் நடுவில் செங்கல் நிரப்பிய துணிப்பை ஒன்று. அது காற்றில் ஊசலாடாமல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே ஆட்டத்தை உண்டாக்கும்.

மேகம் வந்து வந்து போனது. இடைவெளி கிடைத்தபோதெல்லாம் அழுத்தினேன். பூமியின் சுழற்சியால் வானம் ஒரு நொடிக்கு என் சென்சாரில் ஒன்பது பிக்சல் நகரும். கால் நொடிக்கு இரண்டு. அந்த இரண்டு பிக்சல் நகர்வு படத்தில் இருக்கிறது, அதைத் தடுக்க காவலூர் மாதிரி சுற்றுகிற தாங்கி வேண்டும். ஆனால் அதற்கு மேல் ஒரு பிக்சல்கூட ஆட்டம் இல்லை. ஆயிரத்து நூறு பிக்சல் சொச்சம் அகலத்தில் செந்நிலா, ஓரத்தில் கறுப்புத் திட்டுகள் தெளிவாக. மறுநாள் காலை மாமா அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "லென்ஸ் இவ்ளோ ஷார்ப்பா கண்ணு?" என்றார். லென்ஸ் எப்போதும் அவ்வளவு ஷார்ப்தான் மாமா, இத்தனை நாள் கையில் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் :-)

இது எல்லோருக்கும் தேவையா? தேவையில்லை. நல்ல வெயிலில் 1/1000 நொடியில் பறக்கிற பறவையை எடுக்க ஸ்டாண்டு இடைஞ்சல்தான். கேமராக்களின் உள்ளேயே அதிர்வை அடக்கும் வசதி வருஷா வருஷம் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த வசதி மூன்று கிலோவை அரை மணி நேரம் தூக்கிப் பிடிக்காது, 82 நிமிடம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்காது. மங்கலான வெளிச்சம், நீளமான லென்ஸ், ஒரே ஒரு வாய்ப்பு - மூன்றும் சேர்ந்தால் ஸ்டாண்டு வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் புதுசுக்கு ஓடுவதற்கு முன் உங்க ஊர் ஸ்டுடியோ அண்ணன்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். லென்ஸை எடுத்துக்கொண்டு போய் மாட்டி, ஒரு தட்டுத் தட்டி, நொடியை எண்ணுங்கள். பெட்டியில் போட்ட எண்ணைவிட நீங்கள் எண்ணிய எண் பெரிய சாட்சி.

ஃபீஸ் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: மீதி 3,900-த்தோடு ஆறு மாத டேலி என்ட்ரி சம்பளம் சேர்ந்தது, தேதிக்கு நான்கு நாள் முன்பே கட்டியாயிற்று. ரசீதை அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கி, எழுத்தையும் எண்ணையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "டேபிளு ஆடல" என்றார்.